ஆப்பிரிக்க அதிபரின் துணைவியார் – பேச்சுக்கு யாரை எடுக்கலாம்?

பூமலர், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் டவுன் நூலகத்தில் மாதாமாதம் பெண்களுக்காக ஒரு பேச்சு நடக்கிறது. அடுத்த மாதம் ஆப்பிரிக்க அதிபர்களின் துணைவியார் பற்றி. 15 நிமிடம்தான். கேட்க வருபவர்கள் பெரும்பாலும் பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்ந்தவர்கள், இப்போது செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள். இணையத்தில் தேடினால் உடை, நகை, பயணம் என்றே வருகிறது. விஷயம் உள்ள ஒருவரைச் சொல்லுங்கள். இது சம்பளம் உள்ள பதவியா? எழுதி ஒட்ட மஜோங் தாள் (பெரிய வெள்ளைத்தாள்) நாலு இருக்கிறது.

கித்தாக்காட்டான்

கிராசா மாஷெலை எடுங்கள், டீச்சர். மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா என்று இரண்டு குடியரசுகளில் அதிபரின் மனைவியாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அதையே தலைப்பாக்கினால் பேச்சு கல்யாணக் கதையாகிவிடும். வேலையிலிருந்து தொடங்குங்கள். பிறந்தது 1945, மொசாம்பிக்கின் காசா மாநிலத்தில் ஒரு கிராமம். அவர் பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். மெதடிஸ்ட் மிஷன் பள்ளி, பிறகு உதவித்தொகையில் லிஸ்பன் பல்கலைக்கழகம். 1973இல் ஃப்ரெலிமோ விடுதலை இயக்கத்தில் சேர்ந்து தான்சானியாவில் ஆயுதப் பயிற்சி. 1975 ஜூன் 25இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. அந்த ஆண்டிலேயே கல்வி அமைச்சர். அதே ஆண்டில்தான் அதிபர் சமோரா மாஷெலுடன் திருமணமும்.

அமைச்சராக இருந்தது 1989 வரை. கணவர் 1986இல் விமான விபத்தில் போன பிறகும் நாற்காலியை விடவில்லை. மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத நாட்டில் பள்ளிக்கூடம் திறப்பது ஒரு பாடு என்றால், ரெனாமோ கிளர்ச்சிப்படை அதே பள்ளிகளைக் கொளுத்திக்கொண்டிருந்தது இன்னொரு பாடு. இந்தக் காலத்துக்கு ஒரு முழுத்தாள் ஒதுக்குங்கள்.

அடுத்த தாளில் 1996. போரில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ஐ.நா. பொதுச் சபைக்கு அவர் கொடுத்த அறிக்கை. சிறார் படை, கண்ணிவெடி, அகதி முகாமில் பெண் பிள்ளைகள் படும் பாடு எல்லாம் அதில் உண்டு. அதன் விளைவாகத்தான் இந்தக் குழந்தைகளுக்கென்று ஐ.நா.வில் ஒரு சிறப்புப் பிரதிநிதி பதவி வந்தது. மண்டேலாவை மணந்தது 1998 ஜூலை 18, அவருடைய 80ஆவது பிறந்தநாளில். 1999 ஜூனில் மண்டேலா பதவி விலகினார். ஆக, தென்னாப்பிரிக்காவில் அந்த இடத்தில் இருந்தது ஓராண்டுகூட இல்லை. இதற்கு இரண்டு வரி போதும்.

மலைச்சாரல்

மாஷெல் சரி, ஆனால் அவர் விதிவிலக்கு. அவரை மட்டும் வைத்து "அதிபர் மனைவியின் பங்கு" என்று பேசினால் படம் கோணும். கென்யாவின் முன்னாள் அதிபர் உஹுரு கென்யாட்டாவின் மனைவி மார்கரெட் கென்யாட்டாவையும் சேருங்கள்.

பிரசவத்தில் தாயும் சேயும் சாவதைக் குறைக்க 2014 ஜனவரியில் "பியாண்ட் சீரோ" இயக்கத்தைத் தொடங்கினார். நிதி திரட்ட அந்த ஏப்ரலில் லண்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டரையும் முடித்தார், ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்து. குறிக்கோள், 47 மாவட்டங்களுக்கும் ஆளுக்கொரு நடமாடும் கிளினிக் வண்டி.

சிக்கல் எங்கே என்றால், 2010 அரசியல் சட்டப்படி கென்யாவில் சுகாதாரச் சேவை மாவட்ட அரசுகளின் பொறுப்பு. வண்டி அதிபர் வீட்டம்மா கொடுத்தது; டிரைவர், நர்ஸ், பெட்ரோல், தடுப்பூசியைக் குளிரில் வைக்கும் ஏற்பாடு மாவட்டத்தின் பணம். அங்கே ஒதுக்கவில்லை என்றால் டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) இல்லாத எஸ்டேட் டிஸ்பென்சரி கதைதான். உங்கள் கூட்டத்துக்கு இது சட்டென்று பிடிபடும்.

பூமலர்

நன்றி. கென்யாவையும் சேர்க்கிறேன். சம்பளக் கேள்வி இன்னும் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை

தேர்தலோ நியமனமோ இல்லாத இடம் அது. பொதுவாக அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது. அதிபர் அலுவலக வரவுசெலவில் ஒரு வரி, அவ்வளவுதான். நம் மலேசியப் பிரதமரின் துணைவியார், அமைச்சர் மனைவியரின் பாக்தி சங்கத்துக்குத் தலைமை ஏற்பதும் வழக்கத்தால்தானே.

கானாவில் 2021இல் துணைவியார்களுக்குச் சம்பளம் என்று பேச்சு வந்ததும் பெரும் எதிர்ப்பு. அதிபரின் மனைவி ரெபெக்கா அகுஃபோ-அடோ 2017 முதல் வாங்கிய படித்தொகை முழுவதையும், 8,99,097.84 சேடி (கானா நாணயம்), திருப்பிக் கட்டினார். கென்யாவில் 2024 ஜூலையில், வரி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு, அதிபர் ரூட்டோ தன் மனைவியின் அலுவலகத்துக்கான ஒதுக்கீட்டையே எடுத்துவிடுவதாக அறிவித்தார். சட்டம் இல்லாத இடம் என்பதால் ஒரே அறிவிப்பில் அப்படிச் சொல்லிவிட முடிந்தது.

திட்டங்களுக்கும் அதே கதிதான். நைஜீரியாவில் மரியம் பாபங்கிடா 1987இல் கிராமப் பெண்களுக்கான "பெட்டர் லைஃப்" திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆட்சி மாறியதும் மரியம் அபாச்சா தன் பங்குக்கு "ஃபேமிலி சப்போர்ட்" என்று வேறொன்றைத் தொடங்கினார். மாஷெல் 1994இல் மொசாம்பிக்கில் சமூக மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவியபோது அவர் எந்த அதிபருக்கும் மனைவியாக இல்லை. அதனால் அதை எந்த ஆட்சி மாற்றமும் மூடவில்லை. மூன்றாவது தாளில் நைஜீரியத் திட்டங்களையும் மாஷெல் அறக்கட்டளையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், பூமலர்.

கித்தாக்காட்டான்

ஒன்று விட்டுப்போச்சு. விமான விபத்து சதியா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். உங்கள் ஊகத்தைச் சொல்லிவிடாதீர்கள். 1986 அக்டோபர் 19, சாம்பியாவிலிருந்து திரும்பும் வழியில், தென்னாப்பிரிக்க எல்லைக்குள் ம்புசினியில் மலையில் மோதியது. தென்னாப்பிரிக்காவின் மார்கோ ஆணையம் விமானிகளின் தவறு என்றது. விமானிகளை அனுப்பியிருந்த சோவியத் தரப்பு, போலி வழிகாட்டி அலை விமானத்தைத் திசைதிருப்பியது என்றது. நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் 1998இல் முடிவாக எதையும் சொல்லவில்லை, மேலும் விசாரிக்க வேண்டும் என்றது. நாலாவது தாளில் இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, கேள்வி வந்தால் மட்டும் விரியுங்கள்.