பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் ஊராட்சியா? ஆல்ப்ஸ் மலையின் கொரிப்போ பற்றி ஐயம்

கேள்வி: தங்கச்சிமடத்தான்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம், மக்கள்தொகை குறைந்துபோன ஓர் ஊரைப் பற்றி எழுதிவரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். தனுஷ்கோடியை எழுதச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டு, சுவிட்சர்லாந்தில் உள்ள கொரிப்போவை எடுத்துக்கொண்டாள். 1850-இல் 294 பேர் வாழ்ந்த அந்த ஊரில் 2000-இல் 22 பேர்தான் இருந்தார்களாம். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு பேராகிவிட்டதாம். புயலோ போரோ இல்லாமல் ஓர் ஊர் எப்படிக் காலியாகும்? நம் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குக்கூடக் காணாத இந்த ஆள்பலத்துக்குத் தனி ஊராட்சி எதற்கு?

மறுமொழி: லொகார்னோவிலிருந்து

அண்ணருக்கு வணக்கம். மண்டபம் முகாமில் சில காலம் இருந்த நான், இப்போது லொகார்னோவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறேன். கொரிப்போ இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. இத்தாலிய மொழி பேசும் தெசீனோ மாநிலத்தில், வெர்சாஸ்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் ஒரு செங்குத்தான சரிவைப் பற்றிக்கொண்டு அந்த ஊர் நிற்கிறது. கீழே தெரிகிற வொகோர்னோ ஏரி, 1965-இல் கட்டி முடித்த 220 மீட்டர் உயர அணையால் தேங்கியது. வீடுகளின் சுவரும் கல், கூரையும் கல். பாறையைப் பலகை பலகையாகப் பிளந்து, ஓடு வேய்வதுபோல் அடுக்கியிருக்கிறார்கள். மழை விட்ட பிறகும் அந்த இடுக்குகளிலிருந்து நெடுநேரம் நீர் சொட்டும்.

ஊர் காலியானதற்குக் காரணம் அந்தச் சரிவுதான். கல்லடுக்கி மண் நிரப்பிய சின்னஞ்சிறு பாத்திகளில் ரை என்னும் தானியம் விளைந்தது. செஸ்ட்நட் கொட்டைகளைக் காயவைத்து மாவாக்கி வயிற்றைக் கழுவினார்கள். குளிர்காலம் வந்தால் மாடுகளை ஓட்டிக்கொண்டு மகாதீனோ சமவெளிக்கு இறங்கினார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் சிறுவர்கள், உடல் ஒல்லியாக இருந்த ஒரே காரணத்துக்காக, புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி துடைக்க மிலான் பக்கம் அனுப்பப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி வந்ததும் தெசீனோவிலிருந்து ஆண்கள் கூட்டமாகக் கப்பலேறினார்கள், கலிபோர்னியாவுக்கும் போனார்கள். பின்னால் சமவெளி நகரங்களிலேயே வேலை கிடைத்ததால் மிஞ்சியவர்களும் இறங்கிவிட்டார்கள்.

மறுமொழி: கீழக்கரை முதியவன்

தம்பி, உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு என் பதில். சுவிட்சர்லாந்தில் ஊராட்சி என்பது குடியுரிமைக்கே அடிப்படை. அந்நாட்டுக் கடவுச்சீட்டில் பிறந்த ஊரைக் குறிப்பதில்லை. பூர்வீக ஊரைத்தான் குறிக்கிறார்கள். பாட்டன் காலத்தில் வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை, அந்த மலையைக் கண்ணால் பார்க்காதவனாக இருந்தாலும், தாளில் கொரிப்போக்காரன். எங்கள் தெருவில் பெருநாளுக்கு மட்டும் திறக்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது விளங்காத செய்தியல்ல.

ஆனால் பெயரைச் சுமப்பவர்களால் நிர்வாகம் நடக்காது. கடைசிக் காலத்தில் தலைவரோடு சேர்த்து மூன்று பேர் கொண்ட குழு அந்த ஊரை நடத்தியது. அதாவது, குடியிருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பதவியில் இருந்தார்! 2020 அக்டோபரில் அது பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களோடு இணைந்து, வெர்சாஸ்கா என்ற புதிய ஊராட்சியின் பகுதியாயிற்று. ஆகவே, 'நாட்டின் மிகச் சிறிய ஊராட்சி' என்று மகள் எழுதினால் 'இருந்தது' என்று முடிக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: பாம்பன்வாசி

தனுஷ்கோடியோடு ஒப்பிட்டு எழுதலாம் என்பது என் கருத்து. ரயில் நிலையமும் சுங்க அலுவலகமும் இருந்த ஊரை 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஒரே இரவில் அழித்தது. கட்டடங்கள் இடிந்து கிடக்க, பிழைத்தவர்கள் இராமேசுவரத்தில் குடியேறினார்கள். கொரிப்போவிலோ வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுமொழி: லொகார்னோவிலிருந்து

உண்மைதான். அந்த வீடுகள் பழைய வடிவிலேயே நின்றதால், 1975-இல் ஐரோப்பியக் கட்டடக்கலை மரபு ஆண்டில் கொரிப்போவை முன்மாதிரியாகக் காட்டினார்கள். 2022 முதல் சில வீடுகளின் அறைகள் ஒரே விடுதியாக நடத்தப்படுகின்றன. இதனால் ஊர் பிழைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். விருந்தாளிகளைக் குடிமக்கள் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

தங்கச்சிமடத்தான்

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத மகள் ஒப்புக்கொண்டாள். அந்தக் கூரைக் கல்லுக்கு அங்கே என்ன பெயர் என்று கேட்கச் சொன்னாள்.

லொகார்னோவிலிருந்து

'பியோதே' என்பார்கள், அண்ணர்.