ஐப்பசி மழையில் அறுந்துபோகும் நடைப்பயிற்சி

கேள்வி: வயது 48; சர்க்கரை எல்லைக்கோட்டில் உள்ளது. ஆவணியில் தொடங்கி, மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நாள்தோறும் விடியற்காலையில் நடந்து வந்தேன். ஐப்பசி மழையில் நான்கு நாள் விட்டதும் அப்பழக்கம் அடியோடு நின்றுபோனது. மூன்றாவது ஆண்டாக இப்படியே நிகழ்வதால் மனம் சோர்ந்துவிட்டது. மீண்டும் தொடங்குவது எப்படி?

பதில் 1: ஐயா, நான்கு நாள் விட்டதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பழக்க உருவாக்கத்தை ஆராய்ந்தவர்கள், ஒரு செயல் தன்னியல்பாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆவதையும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபடுவதையும், இடையில் ஒரு நாள் தவறுவது பெரிய பாதிப்பை ஏற்படுத்தாததையும் கண்டார்கள்.

பதில் 2: எனக்கும் மழைதான் எதிரி. கடற்கரையையே நம்பியிருந்தவரை ஆண்டுதோறும் கார்த்திகைக்குள் நின்றுவிடும். இப்போது மழை நாளில், காலைக் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, ஈரம் படாத பழைய செருப்பை மாட்டிக்கொண்டு குடியிருப்பின் நான்கு மாடிப் படிகளையும் பத்து முறை ஏறி இறங்குகிறேன். இடம் மாறினாலும் நேரம் மாறக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

பதில் 3: உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. சாப்பிட்டபின் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்தாலும், தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்வதால் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். இன்று இரவு உணவுக்குப் பிறகே தொடங்கிவிடுங்கள், ஐயா.