இலங்கை போயிட்டு வந்தவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

பாம்பன்லேர்ந்து எழுதுறேன். தனுஷ்கோடி கடைசியில இருக்கிற அரிச்சல்முனையில நின்னா சில நேரம் போன்ல இலங்கைக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் வந்து விழும். அவ்வளவு பக்கம். ஆனா போகணும்னா மதுரைக்கோ நாகப்பட்டினத்துக்கோ போய்ச் சுத்தணும். எங்க அப்பத்தா 1964 புயலுக்கு முன்னாடி தனுஷ்கோடியில கப்பல் ஏறி, தலைமன்னார்ல இறங்கி ரயில் பிடிச்சவங்க.

மாசி மாசம் அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். மழைக்கணக்குதான் குழப்புது. கொழும்பு, காலி பக்கம் வைகாசியில தென்மேற்குப் பருவமழை பிடிக்கும். திருகோணமலை, மட்டக்களப்புல நம்ம ஊரு மாதிரி ஐப்பசி, கார்த்திகை அடைமழை, தை வரைக்கும்கூட இழுக்கும். அப்ப மாசியில ரெண்டு கரையும் பார்த்துரலாமா?

நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல. அம்மா கொடைக்கானல்லயே ரெண்டு போர்வை கேட்டவங்க. ஒரு ஸ்வெட்டர் தாங்குமா? மலைப்பாதையில போற பதுளை ரயில் இப்ப முழுசா ஓடுதா?

ஒரு ஏஜெண்ட் பத்து நாளைக்கு எட்டு ஊரு போட்டுக் குடுத்திருக்காரு, சிகிரியா பாறைக்கோட்டை உட்பட. 1,200 படி! அம்மா முழங்காலைப் பார்த்துட்டுமா?

இன்னொண்ணு, அம்மா வெள்ளிக்கிழமை சைவம். அங்க தேங்காய்ச் சம்பல்ல மாசிக்கருவாடு இடிச்சுப் போடுவாங்களாமே, பார்த்தா தெரியாது. கடையில எப்படிக் கேக்குறது? சிங்களத்துல ஒரு வரி எழுதிக் குடுத்தா புண்ணியமாப் போகும்.

மன்னார் பக்கம் இருக்கிற திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குக் கண்டிப்பாப் போகணும்ங்கிறாங்க. கொழும்புலேர்ந்து மன்னாருக்கு பஸ்ஸா ரயிலா, வயசானவங்களுக்கு எது தோது?