பண்ணை முயல் இறைச்சி எங்கே கிடைக்கும்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் வசிக்கும் எங்கள் வீட்டுப் பெரியவருக்கு, இளமையில் சாப்பிட்ட காட்டுமுயல் குழம்பையும் கேழ்வரகுக் களியையும் மீண்டும் ஒருமுறை உண்ண வேண்டும் என்று ஆசை. கறியைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஆனால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது மட்டுமன்றி, அந்த இறைச்சியை வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. தவிர, நாட்டுத் துப்பாக்கியால் சுட்ட கறியில் ஈயத் துகள்கள் தங்கிவிடக்கூடும். அவை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போவதில்லை. (இதைச் சொன்னால், "அந்தக் காலத்தில் நாங்கள் சாப்பிடவில்லையா?" என்கிறார்.)

ஆகவே, தருமபுரி, பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் போன்ற இனங்களை இறைச்சிக்காக வளர்த்து, ஓரிரு கிலோ அளவில் சில்லறையாகவும் விற்கும் பண்ணை எதையேனும் அறிந்தவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பண்ணை முயலின் கறி மென்மையானது, கொழுப்பும் குறைவு. காட்டுக்கறிக்குரிய அழுத்தமான மணம் அதில் இருக்காது. மிளகும் வறுத்து அரைத்த கொத்தமல்லியும் சேர்த்து அந்தச் சுவையை ஓரளவு நெருங்கியவர்கள் இருந்தால், மசாலா அளவையும் வேகவைக்கும் நேரத்தையும் எழுதுங்கள். பெரியவருக்குப் பற்கள் குறைவு என்பதையும் கருத்தில் கொள்ளவும்.