புதுப்பிப்பு: இரண்டு ஆல்-இன்களுக்கு எதிரே ஏழு-ஆறு

சென்ற முறை கேட்டது இதுதான்: போக்கர் சீட்டாட்டத்தில் எனக்கு முன்னே இருவர் ஆல்-இன் (இருக்கும் தொகை முழுவதையும் பந்தயம் வைப்பது), மூவரிடமும் 40 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் கட்டாயமாகப் போடும் தொகை; அதுவே இங்கே அளவு). கையில் ஒரே சின்னத்தில் ஏழும் ஆறும். கால் செய்து, அதாவது அதே தொகையை நானும் போட்டு, தோற்றேன். சரியா?

தவறுதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மொத்தப் பந்தயத் தொகை 120 பிக் பிளைண்டைச் சற்றே தாண்டும்; அதற்கு நான் 40 போடுகிறேன் என்றால் வெற்றி வாய்ப்பு சுமார் 33% வேண்டும். எதிரிகளிடம் ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் இருந்தால் எனக்குக் கிடைப்பது ஏறக்குறைய 22%. ஒருவரிடம் ஏஸ்-ராஜா, மற்றவரிடம் ஏஸ்-ராணி என்றால் மட்டும் கணக்கு என் பக்கம் திரும்புகிறது. இருவர் கையிலும் ஏஸ் இருப்பதால், ஒருவருக்கு உதவக்கூடிய அட்டையை மற்றவர் அடைத்துக்கொள்கிறார். ஆனால் இருவர் ஆல்-இன் போகும்போது அந்தச் சேர்க்கையையே நம்பி உட்கார முடியுமா?

நான் குழம்பிய இடம் வேறு. இத்தகைய கைகளின் மதிப்பு, மலிவாக ஃப்ளாப் (மேசையில் முதலில் விரியும் மூன்று பொது அட்டைகள்) பார்த்து, பொருந்தினால் பின்னர் பெரிய தொகை வாங்குவதில் இருக்கிறது. ஆல்-இன்னில் அந்தப் 'பின்னர்' கிடையாது. மேசையின் ஐந்து பொது அட்டைகளையும் பார்க்கலாம் என்பது உண்மையான ஆறுதல், ஆனால் போதாது.

எதிரிகளிடம் பெரிய ஜோடிகள் இருந்தால் சிறு ஜோடி இன்னும் மோசம். ஐந்து அட்டைகளிலும் அதே எண்ணின் மூன்றாவது அட்டை வருவது சுமார் 19% தான்.

எனக்கு முன்னே மூவர் ஆல்-இன் என்றால் தேவையான வெற்றி வாய்ப்பு 25% ஆகிறது. அங்கே, நேரடியாகப் பணத்துக்கு ஆடும் பணமேசையில், யோசிப்பேன். போட்டியில், பரிசு நெருங்கும் நேரத்தில், ஃபோல்ட்தான், அதாவது அட்டைகளைக் கைவிடுவதுதான்.