பக்கவிளைவா, பக்கவிளைபொருளா?

ஹட்டனிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும். எங்கள் பிள்ளைகள் நீச்சல் பழகக் கண்டிக்குப் போய்வருகிறார்கள். தோல் வறண்டு சொறிகிறது என்று பெற்றோர் கேட்பதால் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுதுகிறேன். தடாகத்தில் இடும் குளோரீன், வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள யூரியாவோடு தாக்கமுற்றுக் குளோரமீன்களைத் தருகிறது. தோலையும் கண்ணையும் இவை உறுத்தும். கரப்பான் என்னும் தோல்நோய் உள்ள பிள்ளைக்கு இன்னும் கூடும். 'குளோரீன் மணம்' என்று நாம் சொல்வதே பெரும்பாலும் இவற்றுள் ஒன்றான நைதரசன் முக்குளோரைட்டின் மணம்தான். கிருமி கொல்லும்போது கூடவே பிறக்கும் இவற்றுக்கு என்ன பெயர்? உயர்தர வகுப்பு இரசாயனவியலில் தாக்கத்தில் வருவது 'விளைவு'. அப்படிப் பார்த்தால் 'தொற்றுநீக்கப் பக்கவிளைவு'. ஆனால் தாய்மார் அதை மருந்தின் பக்கவிளைவு என்றே வாசிப்பார்கள். 'பக்கவிளைபொருள்' எனலாமா?

பதுளையிலிருந்து:
டீச்சர், 'தொற்றுநீக்க எச்சம்' எப்படி? பெயரெச்சம், வினையெச்சம் படித்த எவருக்கும் விளங்கும். வள்ளுவரும் "எச்சத்தாற் காணப்படும்" என்கிறார்.

நுவரெலியாவிலிருந்து:
எச்சம் வேண்டாம். நீர்ப் பரிசோதனையில் 'எஞ்சிய குளோரீன்' என்பது கிருமிக்குக் காவலாக நீரில் இருக்கவேண்டியது. குளோரமீன் குறையவேண்டியது. இரண்டுக்கும் ஒரே வேர் கொடுத்தால் தடாகம் பராமரிப்பவர் தலைகீழாக விளங்கிக்கொள்வார்.

பண்டாரவளையிலிருந்து:
'பக்கம்' என்பது 'பக்ஷம்' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. பகு என்னும் அடியே போதும். பகுதி, பகல், பங்கு எல்லாம் அதன் வழி. இருந்தும் இங்கே அது பொருந்தாது. நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்கிறது. தொல்காப்பியத்தில் சார்ந்துவரும் எழுத்து 3. அவற்றுள் ஒன்றான ஆய்தம் தனித்து நிற்காது. குளோரமீனும் குளோரீனின்றிப் பிறவாது. ஆகவே 'சார்விளைபொருள்'.

மஸ்கெலியாவிலிருந்து:
ஐயா, எங்கம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்துதான் இதை வாசிப்பார். சார்விளைபொருள் என்றால் தாளை மடித்து வைத்துவிடுவார். 'கழிவுத் தேயிலை' தெரியும். 'குளோரீன் கழிவு' என்று போடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:
மகள், கழிவுத் தேயிலை கொழுந்திலேயே இருந்தது, பிரித்து ஒதுக்கினோம். குளோரமீன் நீரில் முன்பு இல்லை, தாக்கத்தில் புதிதாகப் பிறந்தது. கழிவு என்றால் பொருளே பிழைக்கும். 'தொற்றுநீக்கி'யும் ஒருநாள் புதுச்சொல்தான். அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினால் பழகிவிடும்.

மஸ்கெலியாவிலிருந்து:
விளக்க யார் இருக்கிறார்கள் ஐயா? பெயர் எதுவானாலும், இறங்குமுன் உடம்பைக் கழுவினால் வியர்வை தண்ணீரில் சேராது, ஏறியதும் நல்ல தண்ணீரில் குளிக்கவேண்டும் என்பதை முதல் வரியில் போடுங்கள் டீச்சர்.

ஹட்டனிலிருந்து:
அது முதல் வரிக்குப் போய்விட்டது. மூவர் சம்மதத்தோடு 'பக்கவிளைபொருள்' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். முதலில் வரும் இடத்தில் 'கிருமி கொல்லும்போது கூடவே பிறக்கும் பொருள்' என்று விரித்திருக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து:
என் மறுப்பு அப்படியே இருக்கட்டும். சேர்த்தாவது எழுதுங்கள் டீச்சர். 'பக்க விளைபொருள்' என்று பிரித்தால் வாசிப்பவர் தாளின் பக்கத்தைத் தேடுவார்.