‘தற்காலிகத் தெருக்கலை’ போதாது: தேயோவியம், தவணைக்கலை

வணக்கம்.

கொஞ்ச நாள் மட்டுமே நிற்கிற தெருப் படைப்புகளைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘தற்காலிகத் தெருக்கலை’ என்றால் எல்லோருக்கும் விளங்கும்தான். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் பற்றிய கட்டுரைக்கு அது உதவாது. படைப்பு தானாக மங்கிப் போனதா, நாள் குறித்து எடுக்கப்பட்டதா என்பதுதான் அங்கே வழக்கு. இந்தச் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

1995இல் கிறிஸ்டோ, ஜீன்-குளோட் என்ற கலைஞர்கள் பெர்லினின் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் போர்த்தினார்கள். இரண்டு கிழமை அப்படியே இருந்தது. அதைப் படம் பிடித்து அஞ்சலட்டையாக விற்றது வழக்கானது. பொது இடத்தில் நிலையாக உள்ளதைப் படம் பிடித்து விற்க ஜேர்மன் சட்டம் விடுகிறது. இதுவோ குறித்த நாளில் அகற்றவென்றே வைத்தது, ஆகவே அந்தச் சலுகை இதற்கில்லை என்று 2002இல் தீர்ப்பு வந்தது. ஆனால் நடைபாதையில் வெண்கட்டியால் வரைந்த படம், தன் ஆயுள் முழுக்க அங்கேயே கிடப்பதால், ‘நிலையானது’ என்றே அந்நாட்டுச் சட்ட விளக்கங்கள் கொள்கின்றன. ஒரு மழைக்குத் தாங்காதது நிலையானதாம்!

ஆகவே இரண்டு சொல் வேண்டும். வெயிலும் மழையும் பட்டுத் தானாக மங்குவது ‘தேயோவியம்’. நல்ல வினைத்தொகை. பொங்கலன்று முற்றத்தில் போடும் கோலமும், 2019 கடைசியில் இளைஞர்கள் யாழ்ப்பாணத்து மதில்களில் தீட்டிய படங்களும் இதில் அடங்கும். நாள் குறித்து எடுப்பது ‘தவணைக்கலை’. தமிழகத்தவருக்குக் கடன் கட்டுகிற நினைவு வரலாம். இலங்கையில் எங்களுக்குப் பள்ளிக்கூடத் தவணையும் இருக்கிறதே. தேயோவியத்துக்குப் பதிலாக ‘நில்லோவியம்’ என்றால் கேட்க அழகு, ஆனால் நிற்கிற ஓவியம் என்றுதான் காதில் விழுகிறது.

மதிலுக்குச் சொந்தக்காரர் வெள்ளையடித்து அழிப்பதை இவற்றோடு சேர்க்கக் கூடாது. தெரு ஓவியங்கள் நிறைந்திருந்த நியூயோர்க்கின் ஃபைவ் பொயின்ற்ஸ் கட்டடத்தில் 2013இல் அப்படி அழித்தவர், ஓவியர்களுக்கு 6.75 மில்லியன் டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. நீண்ட நாள் நிற்காது என்பதால் ஓவியம் பாதுகாப்பை இழக்காது என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. இலங்கையில் எங்களுடைய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் ஆக்கியதாலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் ஆக்கியவருக்கு இடமுண்டு. முழுவதாக அழிப்பது சிதைப்பதில் சேருமா? சொந்தக்காரரைக் கேட்காமல் வரைந்த படமென்றால்? இதெல்லாம் வாதாட வேண்டிய விடயம். இப்போதைக்கு இப்படி வெள்ளையடித்து அழிப்பதற்குப் ‘பூசியழிப்பு’ என்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் கரடுமுரடுதான், இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.